முள்ளம்பன்றி கேட்டேன், காட்டுப்பன்றி வந்தது: ஒரு ஜெர்சிக் கடையைப் பற்றி

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்காகத்தான் படிக்க வந்திருப்பீர்கள். மொத்தம் 28 செட். செட் என்றால் ஜெர்சியும் ஷார்ட்ஸும். கடைக்கார அண்ணன் செட்டுக்கு 450 சொன்னார், நான் 380 கேட்டேன், 410-ல் முடிந்தது. ஆக 11,480 ரூபாய். முன்பணம் 5,000. பில் தருவார், ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். வியாழக்கிழமை கையில் இருக்கும் என்றவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கொடுத்தார். மேட்ச் ஏழு மணிக்கு.

கடைப் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன், அதுவும் சிரிப்பு வருகிற குறை. பெயரோடு எழுதினால் அந்த டிசைனர் தம்பியை ஏரியா முழுக்க ஓட்டித் தள்ளிவிடுவார்கள். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்று. கீழே நாலு தையல் மெஷின், மேலே தகர ஷெட்டில் பிரிண்டரும் ஹீட் பிரஸ்ஸும், வாசலில் ஒரு கேரம் போர்டு. இதற்கு மேல் தெரிய வேண்டியவர்கள் கிரவுண்டில் வந்து கேளுங்கள்.

நான் ஒரு கூரியர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஃபுட்பால் கோச். பத்து வயதிலிருந்து பதினாலு வரைக்கும் பெண் பிள்ளைகள், 28 பேர். வடசென்னை வியாசர்பாடியில் எல்லாரும் ஃபுட்பால் ஆடுவார்கள் என்று முன்பெல்லாம் வெளியாருக்கு விளக்க வேண்டியிருக்கும். நம்ம ஏரியா நந்தகுமார் சேகர் இந்தியாவுக்கு ஆடியதிலிருந்து அந்த வேலையும் மிச்சம். பையன்களுக்கு டீம் இருக்கிறது, டோர்னமென்ட் இருக்கிறது, கட்சிக்காரர்கள் வாங்கித் தருகிற ஆளுயரக் கோப்பை இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு நாங்களே ஒன்றை உண்டாக்கிக்கொண்டோம். மே மாதம் வந்தால் பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்போம். மூன்று ஞாயிறு, மூன்று மேட்ச். இரண்டு டீமுக்கும் ஏதாவது ஒரு நாட்டு லீகிலிருந்து பெயர் எடுப்போம். பிரேசில், அர்ஜென்டினா பெயர்களைத் தெருவுக்குத் தெரு வைத்துச் சலித்துப்போய்விட்டது. இந்த வருஷம் ஆப்பிரிக்காவிலிருக்கிற கானா. ஒரு பக்கம் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக், எதிர்ப்பக்கம் அசாண்டே கொடோகோ.

"இன்னாமா, ஊர் உலகத்துல டீமே இல்லாத மாதிரி கானாவுல போய் எடுத்துனு வந்துருக்க?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

2010 ஜூலை 2. உலகக் கோப்பைக் காலிறுதி, கானாவும் உருகுவேயும். நம்ம நேரத்துக்கு நடுராத்திரி பன்னிரண்டுக்கு ஆரம்பம். முல்லை நகரில் சித்தி வீட்டில் எல்லாரும் தூங்க, டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நானும் சித்தி மகனும் உட்கார்ந்திருந்தோம். கூடுதல் நேரமும் முடிகிற கடைசி நிமிஷத்தில் கோலுக்குள் போக இருந்த பந்தை சுவாரெஸ் கையால் தட்டினார். கிடைத்த பெனால்டியை அசமோவா கியான் மேல்கம்பியில் அடித்தார். அப்புறம் ஷூட் அவுட்டில் கானா போனது. நாங்கள் போட்ட சத்தத்தில் சித்தி எழுந்து வந்து, "யாருக்குடா என்ன ஆச்சு?" என்று பதறினாள். அந்தக் கியான் எந்த கிரவுண்டில் ஆட ஆரம்பித்திருப்பார் என்று தேடப் போய்த்தான் எனக்கு கானா லீக் பிடித்துக்கொண்டது. கானா தலைநகர் அக்ராவில் லிபர்ட்டி புரொபஷனல்ஸ் என்று ஒரு கிளப். மைக்கேல் எஸ்ஸியன், சுல்லி முன்டாரி இருவரும் அங்கிருந்து போனவர்கள்தான். இத்தனை பேரை வளர்த்துவிட்ட கிளப் லீக் கோப்பையை ஒரு முறைகூடத் தூக்கியதில்லை. வளர வளர வெளிநாட்டுக்கு விற்றுவிட்டால் கோப்பையை யார் வந்து வாங்கித் தருவது? இது எனக்குப் புதிதாக இல்லை. நம்ம பையன்களும் நன்றாக ஆட ஆரம்பித்தவுடன் கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் ரயில் ஏறிவிடுகிறார்கள்.

சரி, கடைக்கு வருவோம்.

துணி விஷயத்தில் அண்ணனைக் குறை சொல்ல முடியாது. மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று சொரசொரவென்று கோணிப்பை மாதிரி. இன்னொன்று வழுவழுப்பு, கைக்கு நன்றாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது ஆகாது என்று நான் சொல்வதற்கு முன்பே தையல் அக்கா சொல்லிவிட்டார். மூன்றாவது, சின்னச் சின்னத் துளை போட்ட பாலியஸ்டர், கொஞ்சம் கனம், வியர்வை நிற்காது. அதைத்தான் எடுத்தோம். வெள்ளை வேண்டாம் என்பது என் கட்டளை. அக்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்து, "வளர்ற புள்ளைங்க, ஒரு இன்ச் விட்டு வைக்கிறேன்" என்று தைத்தார். கழுத்து இறங்கவில்லை, கை ஏறவில்லை. ரெடிமேடாக வாங்கினால் பையன்களுக்குத் தைத்ததைத்தான் பிள்ளைகள் தலையில் கட்டுவார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம்.

பஞ்சாயத்து நிறத்தில் ஆரம்பித்தது. ஹார்ட்ஸ் ஆஃப் ஓக்குக்கு வானவில் நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம், நெட்டுக்குத்தாகப் பட்டை பட்டையாக. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். "செவப்பும் மஞ்சளும் பக்கத்துல வந்தா ஒரு கட்சி. செவப்பும் நீலமும் வந்தா இன்னொரு கட்சி. எலெக்ஷன் நேரத்துல யாரு வூட்டுல வந்து நிப்பாங்கன்னு தெரியாது, மா." கடைசியில் பட்டைகளை மெல்லிசாக்கி நிறைய போட்டார். எந்தக் கட்சியும் உரிமை கொண்டாட முடியாதபடி மிட்டாய் கலரில் வந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.

பெயரைத் தமிழில் போட வேண்டும் என்றேன். ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் என்பதற்கு அர்த்தம் கேட்டார். ஓக் என்பது கருவாலி மரம், அதன் நடுநெஞ்சு என்று நான் இழுக்க, "வைரம் பாஞ்ச கட்டைன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார். அவர் அப்பா மூலக்கொத்தளத்தில் மர வாடியில் வேலை பார்த்தவராம். பதினைந்து வருஷமாக அந்தக் கிளப்பைப் பின்தொடர்கிறேன், எனக்கு இந்த மொழிபெயர்ப்பு தோன்றவே இல்லை. 1911 நவம்பர் 11-ல் தொடங்கிய கிளப் அது. நூறு வருஷம் தாண்டியும் இருக்கிறது, கட்டைக்குப் பொருத்தம்தான்.

ஆனால் கொடோகோதான் கடையைத் திணறடித்தது. அந்தப் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள், மூன்று எழுத்துக்கும் கொம்பு, மூன்று எழுத்துக்கும் கால். டிசைனர் தம்பி வைத்திருந்த பழைய கோரல்டிரா டிசைன் சாஃப்ட்வேரில் தட்டினால் கொம்பெல்லாம் ஒரு பக்கம் கழன்று ஓடியது, காலெல்லாம் இன்னொரு பக்கம். முதல் மாதிரி வாட்ஸப்பில் வந்தபோது ஜெர்சி முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாராலும் படிக்க முடியவில்லை. இரண்டாவது மாதிரியில் 'கொகோடோ' என்று இருந்தது. மூன்றாவதில் கொம்பு மட்டும் சரியாக வந்து கால் வராமல் 'கெடேகே' ஆனது. அப்புறம் யாரோ சொல்லி, பாமினி எழுத்துருவுக்கு மாற்றி அடித்தார்கள், சரியாக வந்தது. தமிழில் பெயர் போடப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: எழுத்தை நீங்களே படமாக்கி எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் அதற்கே போகும்.

சின்னம்தான் பெரிய கதை. கொடோகோ என்றாலே முள்ளம்பன்றி. நான் தம்பியிடம் வாயால் "முள்ளம்பன்றி" என்று சொல்லிவிட்டு வந்தேன், படம் கொடுக்கவில்லை. என் தப்பும் இருக்கிறது. அவன் பன்றியை எடுத்துக்கொண்டு முள்ளை விட்டுவிட்டான். இரண்டு தந்தம் நீட்டிக்கொண்டு ஒரு காட்டுப்பன்றி வந்தது. "முள்ளு எங்கடா?" என்றேன். மறுநாள் அதே பன்றியின் முதுகில் முள்கம்பி வேலி மாதிரி ஏதோ நட்டிருந்தான். பிள்ளைகள் படத்தைப் பார்த்து அழாத குறை. "இத்தப் போட்டுனு போனா சாவுற வரைக்கும் பன்னின்னுதான்க்கா கூப்புடுவானுங்க." அந்தப் பேச்சிலும் உண்மை இருந்தது. சங்கத் தமிழில் முள்ளம்பன்றிக்கு 'எய்' என்று அழகான ஒற்றைச் சொல் இருந்தது. அதைத் தொலைத்துவிட்டு நாம் பன்றியைக் கட்டி அழுகிறோம்.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து தம்பிக்கு விளக்கினேன். அவன் பக்கத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கதை இதுதான். கானாவின் குமாசி நகரைச் சேர்ந்த க்வாசி குமா என்ற இளைஞர் அக்ராவில் ஒரு வெள்ளைக்காரருக்கு கார் ஓட்டிக்கொண்டிருந்தார். 1924-ல் அங்கே ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் ஆடுவதைப் பார்த்தார். 1926-ல் ஊர் திரும்பியதும், எலெக்ட்ரீஷியன் ஒருவரோடு சேர்ந்து சொந்தமாக டீம் தொடங்கினார். டிரைவரும் எலெக்ட்ரீஷியனும் சேர்ந்து ஆரம்பித்தது என்றதும் கேரம் போர்டுப் பக்கமிருந்து ஒரு விசில். வைத்த பெயர் ரெயின்போ. வேடிக்கை என்னவென்றால் வானவில் நிறம் இன்று எதிரியின் சட்டையில் இருக்கிறது. பெயர் ராசியில்லை என்றோ என்னவோ மாற்றிக்கொண்டே போனார்கள்: அசாண்டி யுனைடெட், டைட்டானிக்ஸ், மைட்டி ஆட்டம்ஸ். மூழ்கிப்போன கப்பலின் பெயரை வைத்துவிட்டு ஜெயிக்கவில்லையே என்று புலம்பினால் எப்படி? கடைசியில் 1935-ல் அசாண்டே மன்னரின் அனுமதி வாங்கி கொடோகோ ஆனார்கள். முள்ளம்பன்றி அந்த அரசின் சின்னம். 'கும் அபெம் ஆ, அபெம் பெபா' என்பது அவர்கள் சொலவடை. ஆயிரம் பேரைக் கொன்றால் இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள் என்று அர்த்தம். உதிர்ந்த இடத்தில் முள் மறுபடி முளைக்குமே, அதைச் சொல்கிறார்கள். "அப்ப பன்னிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றான் தம்பி. மூன்றாவது முறை அவன் செய்த முள்ளம்பன்றி உண்மையிலேயே அழகு. முள்ளெல்லாம் விசிறி மாதிரி விரிந்து, கறுப்பும் வெள்ளையுமாகச் சிவப்புச் சட்டையில் எடுப்பாக உட்கார்ந்தது.

அதற்கப்புறம் நான் கடைக்குப் போனபோதெல்லாம் கதை கேட்பது வழக்கமாகிவிட்டது. பிரிண்டர் சூடாகிற வரைக்கும் பேச வேண்டும் அல்லவா.

லீக் முதலில் நடந்தது 1956-ல், அப்போது அந்த நாட்டுக்குப் பெயர் கோல்ட் கோஸ்ட். முதல் கோப்பை ஹார்ட்ஸுக்கு. நம்ம ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது 1955 அக்டோபரில், அதற்கு அடுத்த வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1957 மார்ச் 6-ல் சுதந்திரம். அந்த வருஷம் இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ், 42 வயதில், ஹார்ட்ஸ் சட்டை போட்டுக்கொண்டு அங்கே ஆடினார். "கெஸ்ட் பிளேயரா?" என்றார் அண்ணன். ஆமாம், கெஸ்ட் பிளேயர்தான். வடசென்னையில் அந்தச் சொல்லுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ராத்திரி டோர்னமென்டுகளில் செமிஃபைனல் வந்ததும் நாம் பார்த்தே இராத ஒரு ஆறடி ஆள் திடீரென்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரே, அவர். என்ன, மேத்யூஸுக்கு அங்கே கௌரவத் தலைவர் பட்டமே கட்டினார்கள். நம்ம ஆளுக்கு பிரியாணிப் பொட்டலமும் பெட்ரோல் காசும்.

அண்ணனுக்கு ரொம்பப் பிடித்தது நிக்ருமாவின் டீம். 1961-ல் ஜனாதிபதி க்வாமே நிக்ருமாவும் அவருடைய விளையாட்டு இயக்குநர் ஓஹெனே ஜானும் சேர்ந்து, ரியல் மாட்ரிட் மாதிரி ஒன்று வேண்டும் என்று ரியல் ரிபப்ளிகன்ஸ் என்ற கிளப்பை உண்டாக்கினார்கள். எப்படி? பெரிய கிளப் ஒவ்வொன்றும் தன்னிடமிருக்கிற நல்ல ஆட்டக்காரர் இரண்டு பேரைக் கொடுக்க வேண்டும். கொடோகோ கொதித்தது. கொதித்து என்ன செய்ய, கேட்பது ஜனாதிபதி. 1962-63 லீக் அவர்களுக்கு, தொடர்ந்து நாலு எஃப்.ஏ. கோப்பை அவர்களுக்கு. 1966 பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்ததும் கிளப்பும் கலைந்தது. அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் ஏரியாவில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு பிரமுகர் இதே மாதிரி தெருவுக்கு இரண்டு பேராகப் பொறுக்கி டீம் கட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கதையை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு டீமும் ஆப்பிரிக்க அளவில் சாதாரணம் இல்லை. கொடோகோ 1970-லும் 1983-லும் ஆப்பிரிக்கக் கோப்பையை எடுத்தது, இரண்டாவது முறை எகிப்தின் அல் அஹ்லியை வீழ்த்தி. ஹார்ட்ஸ் 1997-லிருந்து 2002 வரை விடாமல் ஆறு லீக் கோப்பை எடுத்தது. இடையில் 2000-ல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீகும் அவர்களுக்கே.

அதற்கு அடுத்த வருஷத்தைத்தான் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, முதலில் கடையில் சொல்லிப் பார்த்தேன். 2001 மே 9, அக்ரா ஸ்டேடியம், இதே இரண்டு டீம். கொடோகோ முன்னிலையில் இருந்தது. கடைசி நேரத்தில் ஹார்ட்ஸ் இரண்டு கோல் போட்டு 2-1 ஆக்கியது. கொடோகோ ரசிகர்கள் ஆத்திரத்தில் நாற்காலிகளை உடைத்து எறிந்தார்கள். போலீஸ் நேராக ஸ்டாண்டுக்குள் கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. ஜனம் வாசலுக்கு ஓடியது. வாசல் பூட்டியிருந்தது. 126 பேர். ஆப்பிரிக்காவின் ஆட்டக் களங்களில் அதைவிடப் பெரிய சாவு நடந்ததில்லை.

மெஷின் ஓடவில்லை. "எந்த டீம் ஆளுங்கம்மா?" என்றார் தையல் அக்கா.

"பார்க்கப் போனவங்கக்கா" என்றேன்.

ஸ்டேடியத்துக்கு வெளியே இப்போது ஒரு சிலை இருக்கிறது. ஒருவன் இன்னொருவனைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. என் சகோதரனுக்கு நானே காவல் என்று எழுதியிருக்கும். எங்கள் முதல் மேட்சை மே 9-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை வைப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். நான் கேட்காமலேயே அண்ணன், இரண்டு டீம் ஜெர்சியிலும் இடது கையில் மெல்லிசாக ஒரு கறுப்புப் பட்டை வைத்திருந்தார். அதற்குக் காசு போடவில்லை. தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று அப்புறம் தெரிந்தது. தெரியாமல் வெள்ளிக்கிழமை போனில் கத்திவிட்டேன். (அண்ணே, மன்னிச்சிருங்க.)

ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் போனையே எடுக்காதது அவர் தப்பு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். 28 பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள், அவரிடம் இல்லை. தாமதம் என்றால் ஒரு வரி மெசேஜ் போடலாம். இதற்கு ஒரு நட்சத்திரம் முழுசாகக் குறைக்கிறேன்.

ஞாயிறு காலை மூட்டையைப் பிரித்தால் கொடோகோவில் இரண்டு 7. 12 இல்லை. ஒரு பிள்ளை முதுகில் கறுப்பு டேப்பை 1 மாதிரி ஒட்டி 17 ஆக்கி ஆட விட்டோம். மறுவாரம் மாற்றித் தந்தார், காசில்லாமல்.

பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த கதை ஹஷ்மின் மூசாவுடையது. 2021 ஜூலையில் ஒபுவாசியில் அசாண்டி கோல்டுக்கும் இன்டர் அல்லீஸுக்கும் மேட்ச். இன்டர் அல்லீஸில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மூசா, தன் கோலுக்குள் தானே வேண்டுமென்றே பந்தை அடித்தார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. 7-0. ஏன் என்று கேட்டதற்கு, இந்த மேட்ச் 5-1 என்று பந்தயம் பேசி முடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அந்தப் பந்தயத்தைக் கெடுக்கத்தான் அடித்தேன் என்றார். விசாரணை நடந்து, மறுவருஷம் இரண்டு கிளப்பையும் கீழ் டிவிஷனுக்குத் தள்ளினார்கள். அசாண்டி கோல்டு சும்மா கிளப் இல்லை, தங்கச் சுரங்கத்து டீம். 1994, 95, 96 என்று மூன்று வருஷம் வரிசையாக சாம்பியன். மூசா செய்தது சரியா என்று பிள்ளைகளுக்குள் இரண்டு கட்சி. கோல்கீப்பர் மட்டும், "எதுவா இருந்தாலும் கோல்கீப்பர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கணும்க்கா" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

பணம் அந்த லீகை மேலிருந்தும் அரித்தது. 2018 ஜூனில் அனஸ் அரெமயாவ் அனஸ் என்ற பத்திரிகையாளரின் ரகசியக் கேமராவில், கால்பந்துச் சங்கத் தலைவர் க்வேசி நியான்டாக்யியே கட்டுக்கட்டாகப் பணம் வாங்கியது பதிவானது. சங்கத்தை முடக்கினார்கள், லீக் அப்படியே பாதியில் நின்றது. 2019-ல் ஒரு சிறப்புப் போட்டி மட்டும் நடந்தது. முறையான லீக் திரும்பி வந்தது 2019 டிசம்பரில். மூன்று மாதம் ஓடியதும் கொரோனா. அந்த நேரத்தில் அங்கே பதினெட்டு வயதில் இருந்த பையன்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆட்டக்காரருக்கு இரண்டு வருஷம் என்பது கணக்கு எழுதுகிற எனக்கு இரண்டு வருஷம் மாதிரி இல்லை.

அப்புறம் அது எழுந்த விதம்தான் எனக்குப் பிடிக்கும். ஹார்ட்ஸும் கொடோகோவும் ஆளுக்கு ஒன்று எடுத்தபின் பெரிய ஊர்கள் ஒதுங்கிக்கொண்டன. 2022-23 கோப்பை மெடியாமாவுக்கு, தார்க்வா என்ற சுரங்க ஊர். அடுத்தது சாமர்டெக்ஸ், சாம்ரெபோயில் இருக்கிற மரக் கம்பெனியின் டீம். அதற்கடுத்து பிபியானி கோல்டு ஸ்டார்ஸ், மறுபடியும் சுரங்க ஊர். சாம்ரெபோய் எவ்வளவு பெரிய ஊர் என்று அண்ணன் கேட்டார். மரக் கம்பெனிதான் ஊர் என்றேன். தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்த வீடு எங்களுடையது. 1996-ல் மில் மூடியபோது வேலையோடு என்னென்னவெல்லாம் போனது என்று பாட்டி அடுக்கிக்கொண்டே போவாள். கம்பெனி இருக்கிற வரைக்கும் டீம் இருக்கும். சாமர்டெக்ஸ் ரசிகர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?

மூன்று மேட்ச் முடிந்து, பத்துப் பன்னிரண்டு தடவை துவைத்த பிறகு எழுதுகிறேன். பிரிண்ட் அப்படியே இருக்கிறது, வெடிக்கவில்லை, உரியவில்லை; சாயத்தைத் துணிக்குள்ளேயே ஏற்றுகிற முறை என்பதால் ஒட்டு மாதிரி பெயராது. வானவில் கலந்துவிடுமோ என்று பயந்தேன், மெட்ரோ தண்ணீரில் ஊறவைத்தும் கலங்கவில்லை. மூன்று ஜெர்சியில் அக்குள் பக்கம் தையல் விட்டது, மூன்றுமே கடைசி நாள் ராத்திரி அவசரத்தில் வெளியே கொடுத்துத் தைத்தவை என்று அக்கா ஒப்புக்கொண்டார். ஷார்ட்ஸ் எலாஸ்டிக்தான் மோசம். ஆறே வாரத்தில் தளர்ந்து, ஓடும்போது ஒரு கை இடுப்பில் இருக்கிறது. எலாஸ்டிக்குக்கு மேல் கயிறும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், செட்டுக்குப் பத்து ரூபாய் கூட ஆகும், பரவாயில்லை.

துணிக்கும் அளவுக்கும் ஐந்துக்கு ஐந்து. எலாஸ்டிக்குக்கு இரண்டு. நேரத்துக்கு ஒன்றரை. மொத்தமாக மூன்றரை போடுகிறேன். அக்கா வேறு கடைக்குப் போய்விட்டால் இந்த மதிப்பெண் செல்லாது.

போவதென்றால் காலை பதினொரு மணிக்குள் போங்கள், மத்தியானம் தகர ஷெட்டில் நிற்க முடியாது, மாலையில் கேரம் போர்டைத் தாண்டி உள்ளே நுழைய முடியாது. வாக்குக் கொடுத்த தேதியிலிருந்து மூன்று நாள் தள்ளி மேட்ச் வையுங்கள். நம்பர் பட்டியலைக் கையால் எழுதி ஒன்றும், வாட்ஸப்பில் ஒன்றும் கொடுங்கள். முள்ளம்பன்றிப் படம் மட்டும் நீங்கள் தேட வேண்டாம். அது தம்பியின் கம்ப்யூட்டரில் 'பன்னி இல்ல' என்ற பெயரில் இருக்கிறது.